பச்சைப் புள்ளி

"அண்ணி, அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றான் என் தம்பி. என் மனைவி தள்ளினாள். அதே நேரம் அவன் கைப்பேசி மேஜைமேல் ஒருமுறை துள்ளி அடங்கியது. எடுத்துப் பார்த்தவன் முகம் வேகாத பருப்பைக் கடித்ததுபோல் ஆனது. சற்று முன்னால், பக்கத்து அறையில் உட்கார்ந்து, அதே அண்ணி அவனுக்கு எழுதிய பதில் அது. 'மதிப்புக்குரிய ராக்கெட் அவர்களுக்கு, தங்கள் முன்மொழிவை முழுமையாகப் படித்தேன். தங்கள் உழைப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் இது பொய் சொல்கிறது. ஆகவே ஏற்க இயலாது. அன்புடன், எறும்பு.' ரகசியம் ஒன்றும் இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நானும் படித்திருந்தேன். தம்பி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். உப்பைத் தூவினான். "ஆம்லெட் நல்லா வந்திருக்கு அண்ணா" என்றான். என் மனைவி, "ஆமாங்க, இன்னைக்குக் கருகல" என்றாள். இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே கட்சியில் சேரும் ஒரே விஷயம் என் சமையல்.

எங்கள் வீட்டில் சட்டம் என்று ஒன்றுதான் உண்டு: சாப்பாட்டு மேஜையில் எடிட்டரைப் பற்றிப் பேசக் கூடாது. முன்பு ஒருநாள் இருவரும் வாதாடி வாதாடி, பிசைந்த சோறு அப்படியே இருக்க, கை காய்ந்து வெள்ளையாகிப்போன பிறகு நான் கொண்டுவந்த சட்டம் அது. எடிட்டர் என்றதும் பத்திரிகை ஆபீசில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை நினைத்துவிட வேண்டாம். இது கம்ப்யூட்டரில் எழுத்தை அடிக்க, அழிக்க, சேமிக்க உதவும் ஒரு மென்பொருள். நோட்டுப் புத்தகமும் ரப்பரும் சேர்ந்தால் என்னவோ அது. இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், இங்கே ஆணி பிடுங்கலாம், அங்கே ஆணி அடிக்கலாம் என்று சொல்லலாம். பல ஊர்களில் இருந்து பலர், சம்பளம் இல்லாமல், சம்பளம் வாங்கும் வேலையில் ஒருபோதும் காட்டாத அக்கறையோடு இதைப் பராமரிக்கிறார்கள். அதில் 'சேமி' என்ற பகுதி என் மனைவியின் பொறுப்பு. மருந்துக் கம்பெனியில் தரச் சோதனை அவள் உத்தியோகம். மாத்திரையில் சொன்ன மருந்து சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சேமித்ததாகச் சொன்னது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். அந்தப் பகுதிக்கும் எனக்கும் நடுவே யார் மூத்தவர் என்று கேட்டால் நான் இளையதாரம்.

தம்பி புரோகிராமர். வேலை மாறி எங்களோடு தங்க வந்தவன், அண்ணி என்ன செய்கிறாள் என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான், மூக்கை நுழைத்தான், பிறகு முழுசாக உள்ளே போய்விட்டான். எதையும் வேகமாக ஆக்குவதில் அவன் கெட்டிக்காரன். அவன் கை வைத்த இடமெல்லாம் பறந்தது. எடிட்டரைப் பராமரிப்பவர்கள் கூடும் இணைய மன்றத்தில் அவனுக்கு ராக்கெட் என்றே பெயர். இவள் எறும்பு. ராக்கெட்டும் எறும்பும் ஒரே குக்கரில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிறார்கள் என்று அந்த மன்றத்தில் யாருக்கும் தெரியாது. சொன்னால் 'குடும்பச் சண்டை' என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று இருவருமே மூச்சுவிடவில்லை. ஒருமுறை எடிட்டருக்கு வழிகாட்டும் குழுவின் தலைவர் தம்பிக்குத் தனியாக எழுதினார்: 'நீங்கள் எறும்பை நேரில் பார்த்ததில்லை அல்லவா? நானும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பிடிவாதத்தோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது.' தம்பி அதை என்னிடம் காட்டிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

சண்டை ஒரு புள்ளியைப் பற்றியது. எடிட்டரின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி. சேமி என்று அழுத்தினால், எழுதியதெல்லாம் டிஸ்கில் போய் உட்கார்ந்துவிட்டதா என்று எடிட்டர் கேட்கும். உட்கார்ந்துவிட்டது என்று டிஸ்க் பதில் சொன்ன பிறகுதான் புள்ளி பச்சையாகும். அதுவரை எடிட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், நம்மையும் நிற்க வைக்கும். புது மெஷினில் இது கண் சிமிட்டும் நேரம். பழைய மெஷினில் கொட்டாவி விடும் நேரம். தம்பி சொன்ன மாற்றம் இதுதான்: அழுத்தியதும் புள்ளி பச்சையாகிவிட வேண்டும். எழுதியதை மெஷின் தன் சௌகரியப்படி அப்புறம் டிஸ்கில் இறக்கிக்கொள்ளட்டும். அநேகமாக எப்போதும் ஒழுங்காக இறக்கிவிடும். நடுவில் மெஷின் நின்றுபோனால்தான் வம்பு. எழுதியது போய்விடும், பச்சையைப் பார்த்த ஞாபகம் மட்டும் இருக்கும்.

இதைக் கேட்பவர்களுக்கு மட்டும் கொடுப்பதில் என் மனைவிக்கு ஆட்சேபம் இல்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, வேண்டியவர்கள் டிக் அடித்துக்கொள்ளட்டும் என்றாள். தம்பிக்கு அது போதவில்லை. டீஃபால்ட்டாக அதுதான் இருக்க வேண்டும் என்றான். டீஃபால்ட் என்றால், யாரும் எதுவும் சொல்லாதபோது ஒரு பொருள் தானாக எப்படி நடந்துகொள்ளுமோ அது. எங்கள் வீட்டில் டீஃபால்ட்டாகப் பால் பொங்கினால் ஓடுபவன் நான், அழைப்பு மணி அடித்தால் எழுந்திருக்காதவன் தம்பி. எந்தக் கூட்டத்திலும் நிறைவேற்றிய தீர்மானம் அல்ல. மாற்ற முயன்று பாருங்கள், அப்போது தெரியும் அதன் பலம்.

தம்பியின் அவசரத்துக்குக் காரணம் ஒரு பந்தயம். ஏதோ ஒரு இணையதளம் வருஷாவருஷம் எல்லா எடிட்டர்களையும் ஓட விட்டு வரிசைப்படுத்துகிறது. சேமி என்று அழுத்தியதிலிருந்து 'சேமித்தாயிற்று' என்று காட்டும்வரை எவ்வளவு நேரம் என்பது அதில் முக்கியமான ஓட்டம். எங்கள் எடிட்டர் அதில் கடைசி. டீஃபால்ட் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் ஓட வேண்டும் என்பது பந்தய விதி. முதல் மூன்று இடத்தில் நிற்பவையெல்லாம் அழுத்துவதற்கு முன்பே பச்சை காட்டிவிடும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் குழுவின் கூட்டம். இவள் படுக்கையறையில், அவன் தன் அறையில், நடுவே வராந்தாவில் தேநீர்த் தட்டோடு நான். இரண்டு கதவும் சாத்தியிருந்தன. தலைவரின் குரல் தம்பியின் அறையில் முதலில் கேட்டு, அரை மூச்சு தள்ளி இவள் அறையில் கேட்டது. அவர் சாதாரணமாகச் சொன்னாலே எதிரொலி வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். எங்கள் வராந்தா அவருக்காகவே கட்டியதுபோல் இருந்தது. "நண்பர்களே, நாம் செய்வது வெறும் மென்பொருள் அல்ல. மனித சிந்தனைக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் அழித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். நான் தம்பிக்குக் கோப்பையை வைக்கும்போது திரையில் அவரைப் பார்த்தேன். பின்னால் பெரிய புத்தக அலமாரி. அதில் ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக அடுக்கியிருந்தது. தூரத்தை அழிக்கும் அவசரத்தில் அதையெல்லாம் கவனிக்க நேரம் இருந்திருக்காது.

தம்பி நன்றாகப் பேசினான். வரைபடம் காட்டினான். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் காத்திருப்பதைப் பற்றி அவன் சொன்னது எனக்கே உருக்கமாக இருந்தது. "சேவ் பண்ணா ஃப்ரீஸ் ஆயிடுதுன்னு, சேவ் பண்றதையே தள்ளிப் போடறாங்க. அதுதானே பெரிய ஆபத்து?" என்று கேட்டான். சரியான கேள்விதான். பிறகு என் மனைவியின் முறை. நான் அவள் கோப்பையை வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றேன்.

"செட்டிங்ஸ்னு ஒரு பக்கம் இருக்கறதே தெரியாதவங்கதான் ஜாஸ்தி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "டீஃபால்ட் அவங்களுக்காகத்தான். தெரிஞ்சவங்க மாத்திக்குவாங்க. தெரியாதவங்க நாம காட்டறத நம்புவாங்க. டிஸ்க் இன்னும் வாயத் தொறக்கல, அதுக்குள்ள பச்சை காட்டினா அது வேகம் இல்ல. பொய்ய சீக்கிரமா சொல்றோம், அவ்ளோதான்."

"கடுமையான சொல், எறும்பு அவர்களே" என்றார் தலைவர்.

"சின்ன சொல்லுதான் சார். இதுக்கு வேற சொல்லு இருந்தா நீங்க குடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொண்ணு. இதுதான் டீஃபால்ட்டுன்னு முடிவாச்சுன்னா, சேமிக்கற பகுதிய வேற யாராவது எடுத்துக்கங்க. அதுல என் பேர் இருக்க வேணாம்."

இதை அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து அறையில் அதே வாக்கியம் அரை மூச்சு தள்ளி ஒலித்து முடிந்தது. அங்கே நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

அந்தத் திட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. அதைக் குடியிருப்பு விதி என்பார்கள். டீஃபால்ட்டை மாற்றச் சொல்பவர், முதலில் தானே ஒரு மாதம் அந்த மாற்றத்தில் குடியிருக்க வேண்டும். விளையாட்டுக்கு அல்ல, தன் நிஜ வேலை முழுவதையும் அதிலேயே செய்ய வேண்டும். பிறகு கூட்டத்துக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் ஓட்டு. வீடு கட்டித் தருபவர்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்திருக்காது. தம்பி உடனே சம்மதித்தான். கூட்டம் கலையும் நேரத்தில், குழுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் அம்மா ஒருவர் எதையோ கேட்க வாயெடுத்து, கண்ணைச் சுருக்கி இரண்டு சதுரங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொன்னார்.

மாதம் தொடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. தினமும் ஒன்றும் நடக்கவில்லை. தம்பி கம்பெனி வேலை முழுவதையும் புதுப் பச்சையில் செய்தான், எதுவும் தொலையவில்லை. அவன் நடையில் ஒரு மிதப்பு வந்தது. பல் விளக்கும்போது பாடினான். என் மனைவி செய்ததெல்லாம் ஒரே காரியம்தான்: தன் பகுதியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் ஏன் காத்திருக்க வேண்டும், எந்த டிஸ்க் எப்படி ஏமாற்றும், யார் எப்போது எதைப் புகார் செய்தார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதினாள். வீட்டைக் காலி செய்பவர்கள், அடுத்து வருபவர்களுக்கு எந்தக் குழாய் ஒழுகும் என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி. ஒரு மாலை அவள் பின்னால் நின்று பார்த்தேன். 'இந்த இடத்தில் எடிட்டர் நின்றே ஆக வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பயனர் மேலும் தட்டினால் எது சேமிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. வேறு வழி தெரியவில்லை. தெரிந்தவர்கள் செய்யுங்கள்' என்று எழுதியிருந்தாள். 'வேறு வழி இல்லை' என்று எழுதவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தேநீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த நாள் நான் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். வாசற்கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்ச் இருக்கிறது. தம்பியின் கம்ப்யூட்டர் அடியில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி, பேட்டரி கிடையாது. அவன் விரல் சேமி என்று அழுத்தும் சத்தம் தனி. இரண்டு தட்டு, ஒரு பெருமூச்சு. அந்தச் சத்தம் வந்ததும் மெயினை இறக்கினால் போதும், என் மனைவியின் கட்சி ஜெயித்துவிடும். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டுப் பிரிவில் இருப்பவன். வேண்டுமென்றே நடக்கும் விபத்துகளை அன்றாடம் பார்க்கிறேன். ஒன்றை நானே தயாரிப்பது பெரிய வித்தையா? கை சுவிட்ச் வரை போய்விட்டது.

"என்னங்க, மெயின் பக்கம் என்ன வேலை?"

திரும்பினேன். ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"சும்மா... ஒட்டடை."

"ஒட்டடை சுவிட்ச் மேல இருக்கா, உங்க மூளைல இருக்கா?" குரல் மெதுவாக இருந்தாலும் காது மடல் சிவந்திருந்தது. "அவன் ஒரு மாசம் நாணயமா குடியிருக்கான். நீங்க கூரையப் பிரிச்சுட்டு, பாத்தியா ஒழுகுதுன்னு சொல்லப் போறீங்களா? அப்படி ஜெயிச்சா அதை எடுத்துட்டுப் போய் நான் எங்க வெச்சுக்கறது?"

"தோத்துட்டா?"

"தோத்துட்டுப் போறேன். தோக்கறதுல பொய் இல்லல்ல."

நான் நிஜமாகவே ஒட்டடைக் குச்சியை எடுத்துவந்து மெயின் சுவிட்ச் பெட்டியைத் துடைத்தேன். செய்த பாவத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா?

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பூட்டை இழுத்துப் பார்க்கும் ஜாதி. வாசற்கதவைப் பூட்டி, சாவியை எடுத்து, பூட்டைப் பிடித்து ஒரு இழு. படியிறங்கும்போது சந்தேகம் வரும். மேலே ஏறி இன்னொரு இழு. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவன் வீட்டில் மட்டும் இலவசமாகச் செய்யக் கூடாதா? ஆனால் தம்பி என்னைப் படுத்தி எடுப்பான். "அண்ணா, அந்தப் பூட்டு ஒருநாள் கழண்டு உன் கையோட வரப்போகுது, அன்னைக்குத்தான் நிம்மதியா ஆபீஸ் போவே" என்பான். இந்த வியாதியை நான் நன்றாக அறிவேன். அதன் முதல் அறிகுறிகளை எந்த உடம்பிலும் கண்டுபிடித்துவிடுவேன். அப்படித்தான், மாதம் முடியும் தறுவாயில், அவன் அறையில் துணி மடித்து வைக்கப் போனபோது கண்டுபிடித்தேன்.

அவன் சேமி என்று அழுத்தினான். பச்சை உடனே வந்தது, அழகாக வந்தது. அவன் அடுத்த வேலைக்குப் போகவில்லை. இன்னொரு ஜன்னலைத் திறந்து, அதே ஃபைலை அங்கே வரவழைத்து, கடைசி வரி வரை இறக்கிப் பார்த்தான். இருக்கிறது. மூடினான். மறுபடி எழுதினான், அழுத்தினான், பச்சை, இன்னொரு ஜன்னல், கடைசி வரி. நான் ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தேன். அவன் முகத்தில் கவலை எதுவும் இல்லை. தான் செய்வது அவனுக்கே தெரியாது. கை தானாகப் போனது. என் மனைவியின் மெதுவான புள்ளியோடு இத்தனை வருஷம் வேலை பார்த்தபோது அவன் ஒருநாளும் இப்படி எட்டிப் பார்த்ததில்லை. அந்தப் பச்சை வந்தால் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறப்பான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை நானும் அவனும் சேர்ந்து கிளம்பினோம். பூட்டினேன். இழுத்தேன்.

"ஆரம்பிச்சுட்டியா? விடு அண்ணா, பாவம் அது."

"நீ மட்டும் இழுக்கலையா?"

"நானா? நான் எப்ப இழுத்தேன்?"

"பூட்டை இல்லடா. ஃபைலை."

அவன் ஒரு படி இறங்கி, இன்னொரு படிக்குக் காலைத் தூக்கியவன், அப்படியே நின்றான்.

"சேவ் பண்ணிட்டு இன்னொரு ஜன்னல்ல திறந்து திறந்து பாக்கறியே, அது என்ன?"

"அது சும்மா... அது ஒரு..." என்றான். "நான் எங்க பாக்கறேன்? அண்ணி சொல்லச் சொன்னாங்களா?"

"உங்க அண்ணி சொல்லச் சொன்னா நான் இவ்ளோ சுருக்கமாவா சொல்லியிருப்பேன்?"

அவன் சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனான். சாப்பாட்டு மேஜை அல்ல, படிக்கட்டுதான் என்று என் மனசாட்சிக்குச் சொல்லிவைத்தேன். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதைப் பயன்படுத்தும் துறையில்தான் நான் இருக்கிறேன்.

அடுத்து வந்த நாட்களில் அவன் பல் விளக்கும்போது பாடவில்லை. கதவு சாத்தியே இருந்தது. சாப்பிட வந்தால் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். ஒருமுறை திடீரென்று நிமிர்ந்து, "அண்ணி, உங்களுக்கு..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, சட்டத்தை நினைத்து, "தண்ணி வேணுமா?" என்று முடித்தான். அவள் முன்னால் டம்ளர் நிரம்பி இருந்தது. "ஊத்துங்க தம்பி" என்று சொல்லி, இருந்ததைக் குடித்துவிட்டு நீட்டினாள்.

மறு கூட்டமும் ஞாயிறு காலையில். அதே அறைகள், அதே வராந்தா, அதே தட்டு. தலைவர் இந்த முறை அலமாரியை ஒழுங்கு செய்திருந்தார், புத்தகங்கள் நேராக நின்றன. தொண்டையைச் செருமி, "வரலாற்றுச் சிறப்புமிக்க நாள்" என்று ஆரம்பித்தார். பச்சைப் புள்ளிக்கும் வரலாற்றுக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாக எடுத்துச் சொன்னார். பிறகு, "ராக்கெட் அவர்களே, குடியிருந்தீர்கள். ஏதேனும் இழந்தீர்களா?" என்று கேட்டார்.

"எதுவும் தொலையல" என்றான் தம்பி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை.

"ஆக, மகிழ்ச்சியோடு ஓட்டுக்கு..."

"இருங்க சார். நான் இன்னும் முடிக்கல." அவன் குரல் கொஞ்சம் உலர்ந்திருந்தது. "எதுவும் தொலையல. ஆனா நான் நம்பல. ஒவ்வொரு தடவையும் திறந்து பாத்திருக்கேன். எனக்கே தெரியாம. எங்க வீட்ல ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இந்தப் பச்சைய எழுதினவன் நான். அது எப்ப வரும், ஏன் வரும்னு என்னவிட யாருக்கும் தெரியாது. தெரிஞ்சதாலதான் கை நம்பல. தெரியாதவங்க நம்பிடுவாங்க. அவங்க திறந்து பாக்க மாட்டாங்க."

வராந்தாவில் நான் தட்டைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். நான் நஷ்டஈட்டுப் பிரிவில் உண்மை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் மாட்டிக்கொண்ட பிறகு சொல்வார்கள். ஜெயித்த பிறகு சொல்பவனை இப்போதுதான் கேட்கிறேன், அதுவும் என் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். ஒவ்வொரு வாக்கியமும் எனக்கு இரண்டு முறை கேட்டது. மூன்று முறை கேட்டிருந்தாலும் அலுத்திருக்காது.

"டீஃபால்ட்டா இது வேணாம். வாபஸ் வாங்கறேன்" என்றான். "கேக்கறவங்களுக்கு மட்டும் இருக்கட்டும். அதுக்குப் பதிலா இன்னொண்ணு அனுப்பியிருக்கேன். எறும்பு அவங்க ஒரு இடத்துல, எடிட்டர் நின்னே ஆகணும், வேற வழி தெரியலன்னு எழுதியிருந்தாங்க. ஒரு வழி இருக்கு. அழுத்தினதும் அந்த நிமிஷத்துல இருக்கறத ஒரு நகல் எடுத்துக்கறோம். நகல் டிஸ்குக்குப் போகட்டும், நாம எழுதிட்டே இருக்கலாம். அதுவரைக்கும் புள்ளி மஞ்சள். டிஸ்க் சொன்னப்பறம்தான் பச்சை."

என் மனைவியின் அறையில் விசைப்பலகை சத்தம் வேகமாகக் கேட்டது. பிறகு நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவன் அனுப்பியதைப் படிக்கிறாள்.

"ஆனால் பந்தயத்தில் பச்சை வரும் நேரத்தைத்தானே கணக்கெடுப்பார்கள்?" என்றார் தலைவர். சுருதி இறங்கியிருந்தது.

"ஆமா சார். தோத்துருவோம்."

"இது சரியா இருக்கு" என்றாள் என் மனைவி. அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாண வீடியோவில்கூடக் கேட்டதில்லை. "நிக்க வெச்சது என் தப்புதான். உண்மை சொல்லணும்னா ஆளப் பிடிச்சு நிறுத்தணும்னு நினைச்சுட்டு இருந்தேன். ராக்கெட் அவர்களுக்கு நன்றி."

"எறும்பு அவர்களுக்கும்" என்றான் ராக்கெட்.

ஓட்டு எடுத்தார்கள். மஞ்சளுக்குத்தான் எல்லோரும் கை தூக்கினார்கள். தலைவர் ஒரு கணம் கீழே பார்த்து, நிமிர்ந்தபோது முகத்தில் மறுபடி ஒளி வந்திருந்தது. "நண்பர்களே, வேகம் என்பது என்ன? நம்பிக்கையே வேகம் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறேன்" என்று எடுத்தார். இந்த மனிதரையும் எனக்குப் பிடிக்க ஆரம்பித்துவிடுமோ என்று பயந்து, அவசரமாகத் தேநீரோடு உள்ளே போனேன். முதலில் இவள் அறை, பிறகு அவன் அறை. அவன் மேஜையில் கோப்பையை வைத்தபோது மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் குரல் கேட்டது.

"ஒரு சந்தேகம். போன தடவையே கேக்கலாம்னு இருந்தேன். உங்க ரெண்டு பேர் வீட்லயும் ஒரே வாட்ச் கட்டின ஒரே கைதான் டீ கொண்டுவந்து வெக்குதே, அது யாரு?"

கையை இழுத்துக்கொண்டேன். ஆனால் தாமதம்.

"அது எங்க அண்ணன்" என்றான் தம்பி.

"என் வீட்டுக்காரர்" என்றாள் என் மனைவி.

ஒரே கூரையைப் பற்றித் தம்பிக்கு எழுதியது தலைவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்று அந்தக் கூட்டத்தில் யாரும் எதிர்பாராத வேகத்தில் அவர் சதுரம் அணைந்தது.

பந்தய முடிவு சில வாரம் கழித்து வந்தது. கடைசிக்கு முந்திய இடம். கடைசியில் வந்தது, கவனிக்க ஆள் இல்லாமல் கைவிடப்பட்ட ஒரு எடிட்டர் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் நான் என் ஆபீசில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு விசேஷம், கடைசிக்கு முந்தி வந்திருக்கிறோம் என்றேன். விவரம் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். இனிப்புக்கு யாரும் சான்று கேட்பதில்லை.

அன்று மாலை மூவரும் வெளியே கிளம்பினோம். அவள் பையில் எதையோ தேடிக்கொண்டே முதலில் இறங்கினாள். நான் பூட்டுவதற்குச் சாவியை எடுத்தேன். "குடு, நான் பூட்டறேன், இல்லன்னா நாம கடைக்குப் போன மாதிரிதான்" என்று தம்பி பிடுங்கிக்கொண்டான். நான் இறங்கி, படி திரும்பும் இடத்தில் அவள் பக்கத்தில் நின்றேன். மேலே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சாவியை உருவும் சத்தமும் கேட்டது. அவள் பையில் தேடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். படிக்கட்டு விளக்கின் வெளிச்சத்தில், அவன் நிழல் சுவரில் விழுந்திருந்தது. ஒரு கை பாதி உயர்ந்து, பூட்டுக்கு முன்னால் அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தோம்.